போக முடியாத ஊரும் போகாத ஊரும்

ஆள்வதற்கு ஓரடி நிலமும் இல்லாத ஆளுநர்கள் ஐவர் ஒரு நகரத்தில் அலுவலகம் வைத்துப் பணியாற்றி வருகின்றனர் என்று எவரேனும் சொல்லியிருந்தால், முப்பத்தாறு ஆண்டுகள் மத்திய அரசின் கோப்புகளுக்கிடையே வாழ்ந்து ஓய்வு பெற்ற நான் அதைக் கட்டுக்கதை என்றே தள்ளியிருப்பேன். தென் கொரியத் தலைநகரான சியோலில் அந்த அலுவலகத்தின் வாயிலில் நானே நின்ற பிறகுதான் நம்பினேன்.

என் மகளும் மருமகனும் பணி நிமித்தமாகச் சியோலில் குடியிருக்கின்றனர். அவர்களுடன் மூன்று திங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. இலையுதிர் காலத்துக் காலை ஒன்றில், நகரின் வடக்கே எழுந்து நிற்கும் புக்ஹான் மலையில் நடந்து வரலாமென்று மருமகன் என்னை அழைத்துச் சென்றார். பேருந்து மலையடிவாரத்தில் கடைசியாக நின்ற இடத்தில் பெரிய அரசாங்கக் கட்டடம் ஒன்று இருந்தது. நிறுத்தத்தின் பெயரே அக்கட்டடத்தின் பெயர்தான். “வடக்கு ஐந்து மாகாணங்களின் அலுவலகம்” என்று மருமகன் பலகையைப் படித்துச் சொன்னார்.

“வட கொரியாவின் தூதரகமா, மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“இல்லை மாமா. வட கொரியாவில் இருக்கும் மாகாணங்களுக்குத் தென் கொரியா நியமித்திருக்கிற ஆளுநர்கள் இங்கே இருக்கிறார்கள்.”

மலையேறும் எண்ணம் எனக்குப் போய்விட்டது. அன்று தொடங்கி, கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுத முற்படுகிறேன். ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் வேரூன்றிய நம் போன்ற குடும்பத்தாருக்கு இச்செய்தி பொருந்தும் என்பது என் எண்ணம்.

1945 ஆகஸ்டில் ஜப்பானியர் ஆட்சி முடிவுற்றபோது கொரியா 38-ஆவது அட்சரேகையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1948-இல் இரு அரசுகள் தோன்றின. தீபகற்பம் முழுவதும் தன் நிலமே என்று தென் கொரிய அரசியல் சட்டம் கூறுகிறது. ஆகவே 1949-இல் வடக்கே இருந்த ஐந்து மாகாணங்களுக்கும் அவ்வரசு ஆளுநர்களை நியமித்தது. ஹ்வாங்ஹே, தென் பியோங்கான், வட பியோங்கான், தென் ஹம்கியோங், வட ஹம்கியோங் என்பன அவை. இன்றளவும் குடியரசுத் தலைவரே அவர்களை நியமிக்கிறார். துணை அமைச்சருக்குரிய தகுதி அவர்களுக்கு உண்டு. அவர்களின் கீழ் நகரங்களுக்கும் வட்டங்களுக்கும் மதிப்புறு தலைவர்கள் உள்ளனர். வரி வசூல் இல்லை, நிலப்பதிவு இல்லை, வெள்ளம் வந்தாலும் பஞ்சம் வந்தாலும் பார்வையிடச் செல்ல வழியில்லை. வடக்கிலிருந்து வந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் நடத்தும் ஊர்ச் சங்கங்களை ஒன்றிணைப்பதும், அவ்வூர்க் கலைகள் அழியாமல் காப்பதுமே அவர்களுடைய ஆட்சி.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. வடக்கே ஆளும் அரசு 1949-இல் சாகாங் என்றும், 1954-இல் ரியாங்காங் என்றும் புதிய மாகாணங்களை வகுத்துக்கொண்டது. சியோல் அலுவலகத்திற்கு அவை இல்லை. அங்குள்ள வரைபடம் 1945 ஆகஸ்டு 15-ஆம் நாளன்று இருந்த வண்ணமே நிற்கிறது.

ஐந்தனுள் என் மனத்தைப் பற்றிக்கொண்டது ஹம்கியோங். கொரியத் தீபகற்பத்தின் வடகிழக்கு மூலையில் அமைந்த நாடு அது. ஒருபுறம் கடல், மறுபுறம் ‘கொரியாவின் கூரை’ என்று வழங்கும் கேமா பீடபூமி. வடகோடியில் 2,744 மீட்டர் உயரமுள்ள பெக்து மலையும் அதன் உச்சியில் ஓர் ஏரியும் உள்ளன. அம்மலையில் பிறந்து யாலு ஆறு மேற்கேயும் தூமன் ஆறு கிழக்கேயும் ஓடிச் சீன எல்லையை வகுக்கின்றன. நெல் விளையும் சமவெளி கடலோரமாக ஒரு கீற்று மட்டுமே. மேட்டு நிலத்தில் தினையும் உருளைக்கிழங்கும்தான். மலைக்குள் இருக்கும் சம்சு, கப்சான் என்னும் இரண்டு ஊர்களுக்கு மன்னராட்சிக் காலத்தில் குற்றவாளிகளை நாடு கடத்துவது வழக்கம். இன்றும் கொரிய மொழியில் அவ்விரு பெயர்களையும் சேர்த்துச் சொன்னால், போனவர் மீளாத தொலைவிடம் என்று பொருள்.

கொரியாவின் பழைய எட்டு மாகாணங்களில் பெரும்பாலானவை இரு பேரூர்களின் பெயர்களிலிருந்து அசைகளை எடுத்துப் பெயர் சூட்டப்பட்டவை. ஹம்ஹுங் என்னும் ஊரும் கியோங்சோங் என்னும் ஊரும் சேர்ந்து ஹம்கியோங் ஆயின. 1896-இல் அது தெற்கு, வடக்கு என இரண்டாயிற்று. 1392-இல் சோசோன் அரச மரபை நிறுவிய யி சோங்-கே இப்பகுதியில் பிறந்தவர். அவரைப் பற்றிய கதையொன்றை என் மருமகனின் அலுவலக நண்பர் கூறினார். ஒவ்வொரு மாகாணத்து மக்களின் இயல்பையும் சுருங்கச் சொல்லுமாறு மன்னர் தம் அமைச்சர் சோங் தோ-சோனைக் கேட்டாராம். ஹம்கியோங் மக்களைச் சேற்றில் சண்டையிடும் நாய்க்கு ஒப்பிட்டாராம் அமைச்சர். மன்னரின் முகம் சிவந்தது. அவரும் அம்மண்ணின் மைந்தர் அல்லவா! உடனே அமைச்சர், “கல்லாங்காட்டை உழும் எருது” என்று மாற்றிச் சொன்னாராம். கதை உண்மையோ பொய்யோ, இரண்டாவது உவமை அம்மக்களுக்கு வெகுவாகப் பொருந்துகிறது.

அதே மன்னர் முதுமையில் தம் மகன்மீது வெறுப்புற்று ஹம்ஹுங் சென்று தங்கிவிட்டார் என்றும், அவரை அழைத்துவர மகன் அனுப்பிய தூதர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்றும் மற்றொரு கதை வழங்குகிறது. போனவரிடமிருந்து செய்தியே இல்லையென்றால், “அவர் ஹம்ஹுங் தூதர் ஆகிவிட்டார்” என்று இன்றும் கொரியர் சொல்வதுண்டு. 1950-க்குப் பின் இச்சொல் எத்தனை வீடுகளில் வேடிக்கையாக இல்லாமல் போயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

ஹம்கியோங் மக்களின் வரலாறே இடம்பெயர்தலின் வரலாறுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் சேஜோங் மன்னர் காலத்தில், கிம் ஜோங்-சோ என்பவர் தூமன் ஆற்றங்கரையில் ஆறு காவல் அரண்களை அமைத்தார். அவற்றைச் சுற்றி ஊர் உண்டாக்கத் தெற்கு மாகாணங்களிலிருந்து குடிகளை அனுப்பினார்கள். அவ்வாறு அனுப்பப்பட்டவர்களின் வழிவந்தோர் நாளடைவில் அம்மண்ணுக்குரியவர் ஆயினர். 1860-களிலிருந்து வறுமை துரத்த, அவர்களுள் பலர் ஆற்றைக் கடந்து மஞ்சூரியாவுக்கும் ருசிய நாட்டுக் கடலோரத்துக்கும் போயினர். ருசியாவுக்குச் சென்றோரின் சந்ததியரை 1937-இல் ஸ்டாலின் அரசு மத்திய ஆசியாவுக்கு இடம் மாற்றியது. ஹம்கியோங் பேச்சின் சாயல் அங்குள்ள முதியோர் நாவில் நெடுங்காலம் நின்றது.

தெற்கே தலைநகருக்கு வந்தோரும் உண்டு. தென் ஹம்கியோங்கில் புக்சோங் என்று ஒரு வட்டம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அவ்வூர் ஆடவர் சியோலுக்கு வந்து வீடு வீடாகத் தண்ணீர் சுமந்து விற்றனர். 1908-இல்தான் அந்நகரில் குழாய்த் தண்ணீர் வந்தது. அதற்குப் பின்னும் சில காலம் இத்தொழில் நடந்தது. தோளில் நுகம், இருபுறமும் வாளி, விடியுமுன் தெருவில் அவர்கள் காலடியோசை. ஊர்க்காரர்கள் ஒரே அறையில் கூடித் தங்கி, அரைவயிறு உண்டு, மிச்சம் பிடித்த காசில் பிள்ளைகளையும் தம்பிமாரையும் படிக்க வைத்தனர். ‘புக்சோங் தண்ணீர்க்காரர்’ என்றாலே கல்விக்காக உழைத்தவர் என்று பொருள்படும் அளவுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது.

இதைக் கேட்டபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். 1952-இல் குடமுருட்டி ஆற்றங்கரைச் சிற்றூரிலிருந்து எழுத்தர் வேலைக்காகத் தில்லி வந்தவர் அவர். கரோல்பாக்கில் ஓர் அறையில் ஐந்து பேர். ஒரே குமுட்டி அடுப்பு. அவர் அனுப்பிய மணியார்டரில்தான் என் சிற்றப்பாக்கள் இருவரும் கல்லூரி கண்டனர். நம் சங்கத்து மூத்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இக்கதை புதிதன்று.

நிற்க. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டு இறுதியில் சீனப் படைகள் வந்து புகுந்தபோது, ஹம்கியோங்கின் மலைகளுக்குள் சாங்ஜின் நீர்த்தேக்கத்தருகே கடும் போர் நிகழ்ந்தது. பின்வாங்கிய ஐக்கிய நாடுகளின் படைகள் ஹம்ஹுங்கை அடுத்த ஹுங்நாம் துறைமுகத்தில் கப்பலேறின. அவர்கள் பின்னே, உறைபனியில், மக்கள் திரண்டு வந்து நின்றனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் பொதுமக்கள் அந்த டிசம்பரில் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டனர். ‘மெரிடித் விக்டரி’ என்னும் சரக்குக் கப்பலில் மட்டும் சுமார் 14,000 பேர். இரண்டு மூன்று நாள் பயணத்தில் உயிர்ச்சேதம் ஏதுமின்றி, வழியில் ஐந்து குழந்தைகளும் பிறக்க, அக்கப்பல் தெற்கே கோஜே தீவை அடைந்தது. 2017 முதல் 2022 வரை தென் கொரியாவின் குடியரசுத் தலைவராக இருந்த மூன் ஜே-இன் அவர்களின் பெற்றோரும் ஹுங்நாமிலிருந்து இவ்வாறு வந்தவர்களே.

அதே டிசம்பரில் மேற்கே பியோங்யாங்கிலிருந்து பின்வாங்கிய படைகளுடன் நம் நாட்டின் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவும் இருந்தது. மருத்துவக் கருவிகளை விட்டுவர மனமின்றி, ஒரு புகைவண்டியைத் தேடிப் பிடித்து ஏற்றி வந்தார்கள் என்பர். அப்பிரிவின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அவர் பெயரின் முதலெழுத்து ஆர்க்காட்டைக் குறிப்பது. ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகச் சுமந்து திரியும் நம் வழக்கம் கொரியப் போர்க்களம் வரை சென்றிருக்கிறது.

கப்பலில் வந்தவர்கள், “சில நாளில் திரும்பிவிடலாம்” என்றே நம்பினர். போர்முனை வடக்கே நகர நகர அவர்களுள் பலரும் ஊருக்கு அருகில் இருக்க விரும்பி, கிழக்குக் கரையோரமாக மேலே வந்தனர். காங்வோன் மாகாணத்துச் சொக்சோ என்னும் மீன்பிடி ஊரில், கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில், குடிசைகள் போட்டுத் தங்கினர். 1953 ஜூலையில் போர் நிறுத்தம் ஏற்பட்டது. எல்லை மூடிற்று. சில நாளுக்கென்று போட்ட குடிசைகள் எழுபது ஆண்டுகளைக் கடந்து ஒரு ஊராகிவிட்டன. அதன் பெயர் ‘அபாய் ஊர்’. அபாய் என்றால் ஹம்கியோங் பேச்சில் பெரியவர், முதியவர் என்று பொருள்.

அவ்வூரைப் பார்த்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால், ஒரு சனிக்கிழமை அனைவரும் சொக்சோ சென்றோம். நீர்க்காலின் குறுக்கே இரும்பு வடத்தைக் கையால் இழுத்துச் செலுத்தும் தட்டைப் படகு இன்றும் ஓடுகிறது. என் பேத்தியும் கொக்கியைப் பிடித்து இழுத்து மகிழ்ந்தாள். அக்கரையில் சின்னஞ்சிறு தெருக்கள். ஹம்ஹுங் முறைக் குளிர்ந்த நூலடை விற்கும் கடைகள். கிழங்கு மாவில் செய்யும் அந்நூலடை ரப்பரைப்போல் இழுபடும். அதன்மேல் காரமான மீன் வைப்பது முறை. மீனும் இறைச்சிச் சாறும் நீக்கித் தரும்படி கேட்டோம்.

கடையை நடத்தியவர் அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார். அவர் எந்த ஊர் என்று மருமகன் மூலம் கேட்டேன்.

“புக்சோங்” என்றார் தயக்கமின்றி.

“அங்கே பிறந்தீர்களா?”

“இல்லை. நான் பிறந்தது இந்தத் தெருவில்தான். அப்பாவின் ஊர் புக்சோங்.”

தாம் கண்ணால் காணாத ஊரை அவர் எனக்கு வருணித்தார். வீட்டின் பின்னே ஆப்பிள் தோட்டம், ஓடைக்கரையில் பள்ளி, ஆண்டின் முதல் முழுநிலவன்று வீடு வீடாக வரும் சிங்க ஆட்டம். இருவர் உள்ளே புகுந்து ஆடும் அச்சிங்கம் தீயசக்திகளை விரட்டும் என்பது நம்பிக்கை. அப்போது திரட்டிய தானியமும் காசும் ஊர்ப் பொதுப்பணிக்குப் போகும். தெற்கே வந்தவர்கள் அந்த ஆட்டத்தை மறக்காமல் ஆடி வந்தனர். 1967-இல் தென் கொரிய அரசு அதைத் தேசிய மரபுக் கலையாக அறிவித்தது. அவர் தந்தை ஒவ்வொரு திருநாளிலும் வடதிசை நோக்கி வணங்கியபின்தான் உணவில் கைவைப்பாராம். 2000 முதல் 2018 வரை பிரிந்த குடும்பங்களுக்கு இருபத்தொரு சந்திப்புகள் நடந்தன. பதிவு செய்துகொண்டோர் ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகம். வாய்ப்புப் பெற்றவரோ சிலரே. அவர் தந்தையின் பெயர் கடைசி வரை குலுக்கலில் வரவில்லை.

“உங்கள் பிள்ளைகள் தாத்தாவை அபாய் என்றுதான் அழைத்தார்களா?” என்று கேட்டேன்.

சிரித்தார். “இல்லை. பள்ளியில் கற்ற சியோல் சொல்லைத்தான் சொன்னார்கள். அபாய் என்பது இப்போது பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது.”

பிறகு அவர் என்னைக் கேட்டார். “உங்கள் சொந்த ஊர் எது?” தில்லி என்று என் வாய் தொடங்கிற்று. நாணி நிறுத்தி, தெற்கே ஒரு ஆற்றங்கரைச் சிற்றூர் என்றேன்.

“எப்போது போனீர்கள்?”

“2011-இல். வீட்டை விற்பதற்காக.”

“அதன் பிறகு? அங்கே போக உங்களுக்கு ஏதேனும் தடை இருக்கிறதா?”

கேலியோ குத்தலோ அக்குரலில் இல்லை. அவர் அறிந்த உலகில் ஒருவர் தம் ஊருக்குப் போகாமலிருக்க ஒரே காரணம்தான் உண்டு. அதனால் மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார். தடை எதுவும் இல்லை என்று மருமகன் என் சார்பில் மொழிபெயர்த்தார். அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு முள்ளங்கித் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியெல்லாம் என் மனத்தில் ஒரு வழக்கு நடந்தது. அந்த அம்மையார் காக்கும் புக்சோங் 1950-ஆம் ஆண்டின் புக்சோங். மெய்யான புக்சோங்கில் இன்று வேறு மனிதர், வேறு தெரு, வேறு வாழ்வு. சியோல் அலுவலகத்து வரைபடம்போல் இவர் உள்ளத்து வரைபடமும் பழையது. இதனால் யாருக்கு என்ன பயன் என்று என்னுள் இருந்த அரசு அலுவலர் கேட்டார். ஆளுநர்களுக்கு ஆகும் செலவு வீண் என்று தென் கொரியரிலேயே சிலர் வாதிடுகிறார்கள் எனக் கேள்வி. அவ்வாதத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன்.

ஆயினும் நம் நிலை என்ன? நம் உள்ளத்து ஊரும் பழைய வரைபடம்தான். கோடை விடுமுறையில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் போய் இறங்கிய ஊர். பொங்கலன்று சங்க மேடையில் பேசப்படும் ஊர். இன்றைய ஊரில் கீற்று வேய்ந்த வீடு உண்டா, ஆற்றில் நீர் வருகிறதா, பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அவர்கள் வரைபடத்தைத் திருத்திக்கொள்ள முடியாதவர்கள். எல்லையில் காவல் நிற்கிறது. நாம் இரண்டு இரவு இரயில் பயணத்தில் திருத்திக்கொள்ளலாம், செய்வதில்லை. போக முடியாத ஊருக்கு ஒரு அரசு ஆளுநரை நியமித்து எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறது. போகக்கூடிய என் ஊருக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

இதனைக் குற்றவுணர்ச்சியால் மட்டும் எழுதவில்லை. நம் பிள்ளைகளின் ஊர் தில்லிதான். அதில் தவறேதும் இல்லை. தூமன் ஆற்றங்கரையில் குடியேறிய தெற்கத்தியர் ஹம்கியோங் மக்கள் ஆனதுபோல், அந்த அம்மையாரின் பிள்ளைகள் சொக்சோக்காரர் ஆனதுபோல், அவர்களும் இவ்வூராராகவே வளரட்டும். ஆனால் இதற்கு முன் எந்த ஊர் என்று அவர்கள் கேட்கும்போது நாம் சொல்லும் விடை உயிருள்ளதாக இருக்க வேண்டும்.

அன்றிரவு பேத்தி என்னருகே வந்து படுத்தாள். அவளுக்குப் பத்து வயது. தில்லியில் பிறந்து சியோலில் வளர்பவள்.

“தாத்தா, அந்தப் பாட்டிக்கு அவங்க ஊருக்குப் போகப் பஸ் கிடையாதா?”

“கிடையாது அம்மா.”

“நம்ம ஊருக்கு?”

“தஞ்சாவூரிலிருந்து உண்டு. ஒரு மணி நேரம்கூட ஆகாது.”

“அப்போ ஏன் நாம போனதே இல்லை?”

தில்லி திரும்பியதும் ஒரு குறிப்பேடு வாங்கினேன். எங்கள் தெருவில் இருந்த வீடுகளை வரிசையாக எழுதத் தொடங்கி, ஏழாவது வீட்டோடு நினைவு நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் சிற்றப்பா மகனுக்குத் தொலைபேசியில் பேசினேன். எட்டாவது வீடு யாருடையது என்பதை அவன் சொன்னான். அவ்வீடு இப்போது இல்லை என்பதையும் சொன்னான். ஆற்றின் குறுக்கே இருந்த மூங்கில் பாலத்தைப் பற்றிக் கேட்டேன். “எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் அண்ணா?” என்று சிரித்தான்.

வரும் கோடையில் மகள் குடும்பம் விடுமுறைக்கு வருகிறது. தஞ்சைக்கு அனைவருக்கும் பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். விற்ற வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் வாழ்கிறது. அத்திண்ணையில் என் பேத்தி சிறிது நேரம் உட்கார அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பேன்.